26 நாளில் ஒரு நாவல்!

கடனில் மூழ்கிய ஆசிரியர். பென்சிலும் கையுமாக வந்த இளம்பெண்

1866-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந் தேதி.

ரஷியாவின் அன்றைய தலைநகரமான செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஒரு சந்தின் மூலையில் பெரிய வாடகைக் கட்டிடம். வியாபாரிகளும் கைத்தொழிலாளிகளும் குடி இருக்கும் கட்டிடம். அதில் 13-ம் எண் வீடு. உள்ளே ஒருவர் சிகரெட்டைப் புகைத்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்து கொண்டு இருந்தார். முகத்தில் கலக்கம்.

மில்யுக்கோவ் என்ற நண்பர் அவரைப் பார்க்க வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார்.

நான் தொலைந்தேன் என்றார் அவர். அடுத்த மாதம் 1-ந் தேதிக்குள் ஒரு முழு நாவலை எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கதி அதோகதிதான்!

எவ்வளவு எழுதி இருக்கிறீர்கள் என்று நண்பர் கேட்டார்.

ஒரு வரி கூட இல்லை!

இப்படித் தவித்தவர் யார் தெரியுமா? உலகத்தின் தலைசிறந்த நாவல் ஆசிரியர்களில் ஒருவர் என்று இன்று போற்றப்படும் டாஸ்டாயெவ்ஸ்கி. அப்போது அவருக்கு வயது 44.

(ரஷியாவில் அந்தக் காலத்தில் பழைய நாட்காட்டி வழங்கியது. மற்ற ஐரோப்பிய நாடுகளின் தேதியை விட அது 12 நாள் பின்தங்கி இருக்கும். ரஷியாவில் நடந்தவற்றை ரஷியத் தேதிப்படியே சொல்கிறோம்.)

மரண வாசல் வரை போனவர்

டாஸ்டாயெவ்ஸ்கி சுகமாக வாழ்ந்தவர் அல்ல. 28 வயதில் மரண வாசல் வரை போய்த் திரும்பியவர்.

அரசாங்கம் தடை செய்த கடிதம் ஒன்றை நண்பர்கள் கூட்டத்தில் படித்தார் என்பது அவர் மீது குற்றச்சாட்டு. 1849-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி காலை, மற்ற கைதிகளுடன் அவரையும் ஒரு மைதானத்துக்குக் கொண்டு போனார்கள். சுட்டுக் கொல்லும்படி உத்தரவு என்று படித்தார்கள். முதல் மூன்று பேரைக் கம்பத்தில் கட்டினார்கள். அடுத்த மூவரில் டாஸ்டாயெவ்ஸ்கி இருந்தார். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்தார்கள்.

அந்த நேரத்தில், மன்னர் உயிர்ப்பிச்சை கொடுத்துவிட்டார் என்று அறிவித்தார்கள்!

சைபீரியாவில் 4 ஆண்டு கடுங்காவல். காலில் விலங்கு. அதன் பிறகு பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாய் வேலை. இவ்வளவையும் தாங்கிக் கொண்டு ஊர் திரும்பினார். வலிப்பு நோயும் அவருடன் வந்தது.

ஊருக்கு வந்து எழுதினார். பேர் கிடைத்தது. அண்ணன் மிகயிலுடன் சேர்ந்து பத்திரிகை நடத்தினார். அப்போது அடுத்தடுத்து இரண்டு இடி விழுந்தன. 1864-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மனைவி இறந்தாள். ஜூலை மாதம் அண்ணனும் இறந்து போனார்.

அண்ணன் வைத்துவிட்டுப் போன கடன் பெரிது. அண்ணனின் மனைவி மக்கள் சோற்றுக்கு என்ன செய்வார்கள்? முதல் மனைவிக்கு முந்திய கணவர் மூலம் பிறந்த ஒரு பையனும் இருந்தான். எல்லாரையும் காப்பாற்றும் பொறுப்பு டாஸ்டாயெவ்ஸ்கியின் தலையில் விழுந்தது. அண்ணன் பட்ட கடனுக்கு அவரே கையெழுத்துப் போட்டார். மறு ஆண்டு பத்திரிகையும் நின்று போயிற்று.

கடன்காரர்கள் கதவைத் தட்டினார்கள். கடனாளிச் சிறையில் போட்டுவிடுவோம் என்று மிரட்டினார்கள்.

9 ஆண்டு அடிமைச் சாசனம்

அந்தச் சமயம் பார்த்து ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற புத்தக வெளியீட்டாளர் வந்தார். 3 ஆயிரம் ரூபிள் தருகிறேன் என்றார். ஆனால், நிபந்தனைகள்!

டாஸ்டாயெவ்ஸ்கி அதுவரை எழுதிய கதைகளை எல்லாம் வெளியிடும் உரிமையை அவருக்குக் கொடுக்க வேண்டும். அதோடு புதிதாக ஒரு நாவலும் எழுதித் தர வேண்டும். 1866-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி கெடு. கெடு தவறினால், அடுத்த 9 ஆண்டுகளுக்கு டாஸ்டாயெவ்ஸ்கி எதை எழுதினாலும் அதை ஸ்டெல்லோவ்ஸ்கி காசு கொடுக்காமல் வெளியிட்டுக் கொள்ளலாம்!

கழுத்தில் கத்தி இருக்கும்போது பேரம் பேச முடியுமா? 1865-ம் ஆண்டு கோடையில் டாஸ்டாயெவ்ஸ்கி கையெழுத்துப் போட்டார்.

வந்த பணம் கையில் நிற்கவில்லை. பெரும் பகுதி கடன் பத்திரங்களுக்குப் போயிற்று. அந்தப் பத்திரங்களில் பலவற்றை ஸ்டெல்லோவ்ஸ்கியே ஆள் வைத்து மலிவாக வாங்கி வைத்து இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் கொடுத்த பணம் அவரிடமே திரும்பிப் போய்விட்டது!

மிச்சம் இருந்த கொஞ்சப் பணத்துடன் டாஸ்டாயெவ்ஸ்கி ஜெர்மனிக்குப் போனார். அங்கே அவருடைய பெரிய பலவீனம் அவரைப் பிடித்துக் கொண்டது. அதுதான் சூதாட்டம். "ரூலெட்" என்ற சுழல் சக்கரச் சூதில் பணம் வைத்தார். சில நாளில் கைப்பணம் எல்லாம் போயிற்று.

ஓட்டல்காரர் இனிச் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார். தேநீர் மட்டும் கொடுத்தார். இரவில் மெழுகுவர்த்தி கொடுக்கவும் மறுத்தார். டாஸ்டாயெவ்ஸ்கி தினமும் மாலை 3 மணிக்கு வெளியே போவார். 6 மணிக்குத் திரும்புவார். எங்கேயோ சாப்பிட்டு வருகிறார் என்று மற்றவர்கள் நினைக்க வேண்டும் அல்லவா? அதற்காக!

அந்தப் பட்டினி நாட்களில்தான் "குற்றமும் தண்டனையும்" என்ற புகழ் பெற்ற நாவலை எழுதத் தொடங்கினார்.

நெருப்பில் போட்டார்

அந்த நாவலும் லேசாக வந்துவிடவில்லை. ஊர் திரும்பி நவம்பர் மாதக் கடைசிக்குள் நிறைய எழுதி முடித்தார். படித்துப் பார்த்தார். பிடிக்கவில்லை. அவ்வளவையும் நெருப்பில் போட்டார்! புதிய திட்டம் போட்டு, முதல் வரியில் இருந்து மறுபடியும் தொடங்கினார்.

1866 ஜனவரி முதல் அது ஒரு மாதப் பத்திரிகையில் தொடர்கதையாக வரத் தொடங்கியது. நாடே பேசியது. ஆனால் தொடர்கதை எழுதுகிறவருக்கு ஓய்வு ஏது? ஒவ்வொரு தவணைக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு நடுவில் ஸ்டெல்லோவ்ஸ்கியின் நாவலை எப்போது எழுதுவது?

கோடையில் ஒரு யோசனை செய்தார். காலையில் ஒரு நாவல், மாலையில் ஒரு நாவல் எழுதினால் என்ன? கேட்பதற்கு நன்றாக இருந்தது. நடக்கவில்லை. ஒரு நாவலின் மனிதர்கள் மனதில் குடி இருக்கும்போது, மற்ற நாவலின் மனிதர்கள் உள்ளே வர மறுத்துவிட்டார்கள்.

புது நாவலுக்குக் கதை இல்லாமல் இல்லை. ஒரு சூதாடியின் கதை மூன்று ஆண்டுகளாகவே அவர் மனதில் இருந்தது. தாளில்தான் இல்லை.

இந்த நிலையில்தான் அக்டோபர் 1-ந் தேதி நண்பர் வந்தார்.

நண்பர்கள் கூடி எழுதலாமா?

மில்யுக்கோவ் ஒரு வழி சொன்னார். நண்பர்கள் சிலர் சேருவோம். கதையை நீங்கள் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு பகுதி எழுதுகிறோம். கெடுவுக்குள் முடிந்துவிடும்.

டாஸ்டாயெவ்ஸ்கி சம்மதிக்கவில்லை. பிறர் எழுதியதில் என் பெயரைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 9 ஆண்டு உழைப்பு பறிபோகும் நிலையிலும் இந்த ஒன்றில் அவர் இறங்கி வரவில்லை.

அப்படியானால் சுருக்கெழுத்து தெரிந்த ஒருவரை வைத்துக் கொள்ளுங்கள் என்றார் நண்பர். பேசுகிற வேகத்திலேயே, பேச்சைச் சிறு சிறு குறிகளால் எழுதிக் கொள்ளும் வித்தை அது. ரஷியாவில் அப்போதுதான் பரவத் தொடங்கி இருந்தது. வாயால் கதை சொன்னால் கையால் எழுதும் நேரம் மிச்சம்.

டாஸ்டாயெவ்ஸ்கிக்கு நம்பிக்கை இல்லை. வாயால் சொல்லி அவர் கதை எழுதியதே கிடையாது. ஆனாலும் வேறு வழி இல்லை.

பென்சிலுடன் வந்தாள்

சுருக்கெழுத்து ஆசிரியர் தமது மாணவிகளில் கெட்டிக்காரப் பெண்ணைத் தேர்ந்து எடுத்தார். அவள் பெயர் அன்னா. வயது 20. அந்த ஆண்டு ஏப்ரல் மாதம்தான் அவளுடைய தந்தை இறந்து போயிருந்தார். சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று சுருக்கெழுத்து கற்றுக் கொண்டு இருந்தாள். வேலை முழுவதற்கும் கூலி 50 ரூபிள்.

யாருக்கு வேலை என்று கேட்டதும் அன்னா பரவசம் அடைந்தாள். அவள் தந்தை டாஸ்டாயெவ்ஸ்கியின் கதைகளை விரும்பிப் படித்தவர். அவளும் சிறு வயது முதல் அவற்றைப் படித்துக் கண்ணீர் விட்டு இருக்கிறாள். அவருடைய கதாநாயகி ஒருத்தியின் பெயரே வீட்டில் அவளுக்குச் செல்லப் பெயர்!

அக்டோபர் 4-ந் தேதி காலையில் கடைக்குப் போய்ப் பென்சில்களும், தாள் வைக்க ஒரு சிறு பையும் வாங்கினாள். பகல் பதினொன்றரை மணிக்கு, முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று சொன்ன நேரத்தில் கதவைத் தட்டினாள்.

வேலைக்காரி கதவைத் திறந்தாள். அறையில் பழைய சோபா ஒன்று. சன்னல் ஓரத்தில் அழகான இரண்டு பெரிய சீன ஜாடிகள். சிறிது நேரத்தில் டாஸ்டாயெவ்ஸ்கி வந்தார். நடுத்தர உயரம். சோர்ந்த முகம். இரண்டு கண்ணும் இரண்டு விதமாக இருந்தன. வலிப்பு வந்து விழுந்தபோது ஒரு கண்ணில் அடிபட்டு, அதன் கருமணி பெரிதாகிவிட்டது.

தமக்கு வலிப்பு நோய் உண்டு, அண்மையில் கூட வந்தது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். அவள் பெயரைக் கேட்டார். மறந்து போனார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் மறந்து போனார்!

பிறகு ஒரு பத்திரிகையை எடுத்து மடமட என்று படித்தார். அவ்வளவு வேகம் வேண்டாம், பேசுகிற வேகத்தில் சொல்லுங்கள் என்று அன்னா கேட்டுக் கொண்டாள். அவள் எழுதிக் காட்டியதில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப் போயிருந்தது. அதற்குச் சிடுசிடுத்தார். இப்போது என்னால் முடியாது, இரவு 8 மணிக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அன்னா மனம் உடைந்து தெருவில் இறங்கினாள். ஆனாலும் இரவில் மறுபடியும் வந்தாள். அன்று அவர், மைதானத்தில் சாவுக்குக் காத்து நின்ற கதையை அவளிடம் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர், முன்பின் தெரியாத தன்னிடம் மனதைத் திறந்து பேசுகிறாரே என்று அன்னா வியந்தாள். அதன் பிறகு நாவலின் முதல் சில வரிகளைச் சொன்னார்.

அன்றுதான் "சூதாடி" நாவல் பிறந்தது.

மறுநாள் அன்னா வர அரை மணி நேரம் தாமதம் ஆயிற்று. டாஸ்டாயெவ்ஸ்கி துடித்துப் போனார். எழுதிக் கொண்டு போன தாளும் போயிற்று, பெண்ணும் இனி வரமாட்டாள் என்றே நினைத்துவிட்டார்!

தினசரி வேலை

அந்த 26 நாளும் அந்த வீட்டில் எப்படிப் போயின?

டாஸ்டாயெவ்ஸ்கி இரவில் கண் விழித்து எழுதும் பழக்கம் உள்ளவர். விடியும் நேரத்தில் படுப்பார். முற்பகலில் எழுவார். முதலில் தேநீர். கறுப்பு நிறமாகத் தெரியும் அளவுக்குக் கடுமையான தேநீர்!

பகல் 12 மணிக்கு அன்னா வருவாள். 4 மணி வரை வேலை. அரை மணி நேரமோ சற்று அதிகமோ கதை சொல்வார். பிறகு பேச்சு. மறுபடியும் கதை. இப்படி மூன்று தடவை.

கதை சொல்லும்போது உட்கார மாட்டார். கதவில் இருந்து கணப்பு அடுப்பு வரை அறைக்குக் குறுக்கே நடப்பார். அடுப்பை அடைந்ததும் அதன் மேல் இரண்டு தட்டு தட்டுவார். திரும்பி நடப்பார். ஒரு சிகரெட்டு பாதி எரிவதற்குள் அதைப் போட்டுவிட்டு இன்னொன்றைப் பற்ற வைப்பார்.

முதல் சில நாட்கள் வேலை ஓடவில்லை. தனிமையில் எழுதிப் பழகியவருக்கு, ஒரு பெண் எதிரே உட்கார்ந்து பென்சிலுடன் காத்து இருந்தால் வார்த்தை வருமா? நடுநடுவே நின்றுவிடுவார். யோசிப்பார்.

மெல்ல மெல்ல ஒரு வழி பிறந்தது. இரவில் தனியாக உட்கார்ந்து எழுதுவார். பகலில் அதைப் பார்த்து அன்னாவுக்குச் சொல்வார். அன்னா வீட்டுக்குப் போய், சுருக்கெழுத்தை நல்ல எழுத்தில் திருப்பி எழுதுவாள். சில நாள் நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாள் கொண்டு வந்து கொடுத்ததும் அவர் திருத்துவார்.

நேற்று எத்தனை பக்கம் முடிந்தது என்பதுதான் தினமும் முதல் கேள்வி. கெடுவுக்குள் முடியுமா என்பது அடுத்த கேள்வி. பக்கங்கள் ஏறஏற அவர் முகத்தில் களை வந்தது. அன்னாவின் பெயர் இப்போது மறக்கவில்லை!

வேலைக்கு நடுவே கதையில் வரும் மனிதர்களைப் பற்றி இருவரும் பேசுவார்கள். சூதாடியின் மேல் அன்னாவுக்குக் கோபம். மன உறுதி இல்லாதவன் என்பாள். டாஸ்டாயெவ்ஸ்கி அவனுக்காகப் பரிந்து பேசுவார். பரிந்து பேசாமல் இருப்பாரா? அவரே அந்த வேதனையை அனுபவித்தவர் அல்லவா!

எங்கே ஜாடி?

ஒரு நாள் அன்னா பார்த்தாள். சீன ஜாடிகளைக் காணோம். விசாரித்தாள். அடகுக் கடைக்குப் போய்விட்டன!

இன்னொரு நாள் டாஸ்டாயெவ்ஸ்கி மரக்கரண்டியால் சாப்பிட்டுக் கொண்டு இருந்தார். வெள்ளிக் கரண்டிகளும் அடகுக்குப் போயிருந்தன. கடன்காரர்களுக்கும் உறவினர்களுக்கும் கொடுக்க வேறு வழி இல்லை. அதை அவர் சிரித்துக் கொண்டே சொன்னார். அன்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மற்றொரு நாள் அவளிடம் ஒரு யோசனை கேட்டார். தம் முன்னால் மூன்று வழி இருக்கிறது என்றார். கீழ்நாட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிடலாம். அல்லது வெளிநாட்டுக்குப் போய்ச் சூதாட்டத்திலேயே மூழ்கலாம். அல்லது மறுமணம் செய்து கொள்ளலாம். எது நல்லது?

மறுமணம் செய்து கொள்ளுங்கள் என்று அன்னா கள்ளம் கபடம் இல்லாமல் சொன்னாள்.

இரவு 10 மணி

அக்டோபர் 29-ந் தேதி நாவலின் கடைசி வரியைச் சொல்லி முடித்தார். 4-ந் தேதி தொடங்கிய வேலை. மொத்தம் 26 நாள்!

மறுநாள் அக்டோபர் 30. டாஸ்டாயெவ்ஸ்கிக்கு 45 வயது நிறைந்த பிறந்த நாள். கடைசிப் பக்கங்களை எடுத்துக் கொண்டு அன்னா வந்தாள். தந்தைக்காகத் துக்கம் காத்துத் தினமும் கறுப்பு உடையில் வந்தவள், அன்று ஊதா நிறப் பட்டு உடுத்தி இருந்தாள். 50 ரூபிளை அவள் கையில் கொடுத்து நன்றி சொன்னார் டாஸ்டாயெவ்ஸ்கி.

ஆபத்து முடிந்துவிட்டதா? இல்லை!

நவம்பர் 1-ந் தேதி பிரதியை எடுத்துக் கொண்டு ஸ்டெல்லோவ்ஸ்கியின் வீட்டுக்குப் போனார். ஐயா வெளியூர் போய்விட்டார் என்றான் வேலைக்காரன். அலுவலகத்துக்குப் போனார். வாங்கிக் கொள்ள எனக்கு உத்தரவு இல்லை என்று கையை விரித்தார் மானேஜர். கெடு தவற வேண்டும், 9 ஆண்டு அவர் அடிமையாக வேண்டும் என்ற சூழ்ச்சி!

இப்படி நடக்கலாம் என்று அன்னா முன்பே சந்தேகப்பட்டாள். அவளுடைய தாயார் ஒரு வக்கீலிடம் யோசனை கேட்டு வைத்து இருந்தார். பிரதியை போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து, தேதி போட்டு ரசீது வாங்கிக் கொள்ளுங்கள் என்று வக்கீல் சொல்லி இருந்தார்.

டாஸ்டாயெவ்ஸ்கி போலீஸ் நிலையத்துக்கு ஓடினார். அங்கே அதிகாரி இல்லை. காத்து இருந்தார். இரவு 10 மணிக்கு அதிகாரி வந்து ரசீது கொடுத்தார். கெடு முடிய இரண்டே மணி நேரம்தான் பாக்கி!

பெட்டியில் கிடந்த வைரம்

நவம்பர் 8-ந் தேதி அன்னா மறுபடியும் வந்தாள். "குற்றமும் தண்டனையும்" நாவலின் கடைசிப் பகுதியை எழுத வேண்டி இருந்தது.

டாஸ்டாயெவ்ஸ்கி ஒரு கனவு கண்டதாகச் சொன்னார். காகிதங்கள் வைக்கும் பெட்டியைக் கிளறினாராம். உள்ளே சிறியதாக, ஆனால் பளிச்சென்று ஒரு வைரம் கிடந்ததாம்.

பிறகு, புதிய நாவல் ஒன்றுக்குக் கதை யோசித்து இருப்பதாகச் சொன்னார். வயது முதிர்ந்த கலைஞன் ஒருவன். நோயாளி. கடனாளி. அவன் ஓர் இளம்பெண்ணை விரும்புகிறான். அவளுக்கு அவன் என்ன கொடுக்க முடியும்? அவனை அவள் நேசிப்பாளா? பெண் மனதைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும் என்று கேட்டார்.

நல்ல மனம் உள்ள பெண்ணாக இருந்தால் நேசிப்பாள் என்றாள் அன்னா.

அந்தக் கலைஞன் நான்தான், அந்தப் பெண் நீங்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள் என்றார் அவர். குரல் நடுங்கியது.

ஆயுள் முழுவதும் நேசிப்பேன் என்று அன்னா பதில் சொன்னாள்.

1867-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி திருமணம் நடந்தது.

மறுபடியும் எழுத்து நின்றது

கதையாக இருந்தால் இங்கே சுபம் போட்டுவிடலாம். இது வாழ்க்கை!

திருமணம் ஆன பிறகும் கடன்காரர்கள் விடவில்லை. உறவினர்களும் பணம் கேட்டு நச்சரித்தார்கள். அன்னா தன் சீதனமாக வந்த மேஜை நாற்காலி, பியானோ முதலியவற்றை அடகு வைத்தாள். அந்தப் பணத்தில் இருவரும் ஏப்ரல் மாதம் வெளிநாடு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்புவதாக எண்ணம். 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது!

ஜெர்மனியில் சூது மறுபடியும் பிடித்துக் கொண்டது. அன்னாவின் கம்மல், கல்யாண மோதிரம், உடைகள் கூட அடகுக்குப் போயின. தோற்றுவிட்டு வந்து மனைவியின் காலில் விழுந்து அழுவார். அன்னா அவரை வையவில்லை. இது ஒரு நோய், திட்டினால் தீராது என்று அவள் எண்ணினாள்.

ஆகஸ்டு மாதம் சுவிட்சர்லாந்தில் உள்ள ஜெனீவா நகரில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தார்கள். புதிய நாவல் எழுதித் தருவதாகப் பத்திரிகையில் முன்பணம் வாங்கியாகிவிட்டது. எழுத வேண்டும்.

அங்கே அவர்களுடைய நாள் இப்படிப் போயிற்று. அவர் இரவெல்லாம் மேஜை முன் இருப்பார். பகல் 11 மணிக்கு எழுவார். 3 மணிக்கு ஓட்டலில் சாப்பாடு. பிறகு அவர் காப்பிக் கடைக்குப் போய் ரஷியப் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிப்பார். மாலையில் இருவரும் உலாவப் போவார்கள். நகைக் கடை சன்னல்கள் முன்னால் நிற்பார்கள். பணம் வந்தால் உனக்கு இதை வாங்குவேன், அதை வாங்குவேன் என்று அவர் கை காட்டுவார். அன்னா சிரிப்பாள். அடகு வைத்தவற்றை மீட்கவே வழி இல்லை!

இரவில் மறுபடியும் மேஜை. ஆனால் நாவல் வரவில்லை.

பல மாதம் எழுதியதை, ஐரோப்பியத் தேதிப்படி டிசம்பர் 4-ந் தேதி தூக்கி எறிந்தார். புத்தாண்டில் முதல் தவணை வெளிவர வேண்டும். கையில் ஒன்றும் இல்லை. அடுத்த இரண்டு வாரமும் வெறும் திட்டம் போடுவதிலேயே போயின. நாளுக்குச் சராசரி 6 திட்டம் வீதம் போட்டேன் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். 18-ந் தேதி உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ஜனவரி 5-ந் தேதி, முதல் 5 அத்தியாயங்களைத் தபாலில் அனுப்பினார்! அதுதான் "அசடன்" என்ற நாவல்.

எழுத்தாளன் சும்மா உட்கார்ந்து இருக்கிறான் என்று நாம் நினைக்கிறோம். அந்த இரண்டு வாரமும் அவர் ஒரு வரி எழுதவில்லை. ஆனால் வாழ்நாளில் அவ்வளவு கடுமையாக உழைத்த நாட்கள் வேறு அதிகம் இருக்க முடியாது.

தொட்டிலும் சவப்பெட்டியும்

1868-ம் ஆண்டு மார்ச் மாதம் அன்னாவுக்குப் பிரசவ வலி கண்டது. அந்த இரவில்தான் டாஸ்டாயெவ்ஸ்கிக்குக் கடுமையான வலிப்பு வந்தது. வலிப்புக்குப் பின் நினைவு இன்றித் தூங்கினார். அன்னா அவரை எழுப்ப மனம் இல்லாமல், பல்லைக் கடித்துக் கொண்டு இரவு முழுவதும் பொறுத்துக் கொண்டாள். காலையில்தான் அவரை எழுப்பினாள். அவர் மருத்துவச்சியைத் தேடி ஓடினார்.

5-ந் தேதி பெண் குழந்தை பிறந்தது. சோனியா என்று பெயர் வைத்தார்கள். டாஸ்டாயெவ்ஸ்கி தொட்டிலை விட்டு நகர மாட்டார். தாமே குளிப்பாட்ட உதவுவார். போர்வையில் சுற்றுவார். பாட்டுப் பாடுவார்.

பூங்காவில் திடீரென்று வீசிய குளிர்காற்று குழந்தைக்கு ஒத்துக் கொள்ளவில்லை. மே 24-ந் தேதி சோனியா இறந்து போனாள். பிறந்து மூன்று மாதம் கூட நிறையவில்லை.

அவர் பெண்களைப் போல் விம்மி அழுதார் என்று அன்னா எழுதி இருக்கிறார். ஆனால் பத்திரிகைக்குத் தவணை காத்துக் கொண்டு இருந்தது. முன்பணம் வாங்கிய கை, கண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடியும் பேனாவை எடுத்தது. மறு ஆண்டு ஜனவரியில், இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ் நகரில் நாவல் முடிந்தது.

வீடே கடை ஆயிற்று

1871-ம் ஆண்டு டாஸ்டாயெவ்ஸ்கி சூதாட்டத்தை அடியோடு விட்டார். அதே ஆண்டு குடும்பம் ரஷியா திரும்பியது. கடன்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை அவர்களுக்குப் பதில் சொன்னவர் அன்னா அம்மையார். தவணை முறையில் கொடுக்கிறோம், கணவரைச் சிறையில் போட்டால் உங்களுக்கு ஒரு காசும் வராது என்று துணிந்து பேசினார்.

1873-ம் ஆண்டு அம்மையார் இன்னொரு காரியம் செய்தார். கணவரின் நாவலைத் தாமே அச்சிட்டார். காகிதத்தைக் கடனாக வாங்கினார். வீட்டிலேயே வைத்து விற்றார். முதல் நாளிலேயே நூற்றுக்கு மேற்பட்ட பிரதிகள் போயின. அண்ணன் வைத்துவிட்டுப் போன கடன் கடைசிக் காசு வரை தீர்ந்தது. அப்போது டாஸ்டாயெவ்ஸ்கிக்குப் பாக்கி இருந்த ஆயுள் சுமார் ஓர் ஆண்டுதான்.

1881-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி அவர் காலமானார். அன்னா அம்மையாருக்கு அப்போது வயது 34. அவர் மறுமணம் செய்து கொள்ளவில்லை. கணவரின் நூல்களை வெளியிட்டார். கடிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் கண்ணைப் போல் காத்தார். தாம் கண்டவற்றை எல்லாம் எழுதி வைத்தார். அடுப்பை இரண்டு தடவை தட்டியதும், மரக்கரண்டியும், ஊதாப் பட்டும் இன்று நமக்குத் தெரிகின்றன என்றால், அவர் எழுதி வைத்ததால்தான். 1918-ம் ஆண்டு அம்மையார் காலமானார்.

டாஸ்டாயெவ்ஸ்கியின் கடைசி நாவல் "கரமசோவ் சகோதரர்கள்". முதல் நாளில் எத்தனை தடவை கேட்டும் ஒரு பெண்ணின் பெயர் அவர் நினைவில் நிற்கவில்லை அல்லவா? அந்தப் பெயரைத்தான் அந்த நாவலின் முதல் பக்கத்தில் போட்டு, நூலை அவருக்குக் காணிக்கை ஆக்கி இருக்கிறார்.